நத்தையின் பயன்கள்

முதுகெலும்பில்லாத எதுவாகவும் பெருமாள் அவதாரம் எடுக்கவில்லை என்பது என் மேசைத் தோழிக்குப் பெரிய குறை. மீனாக வந்திருக்கிறார், ஆமையாக வந்திருக்கிறார், பன்றியாகக்கூட வந்திருக்கிறார். அதெல்லாம் அடுத்த ஆண்டுப் பாடம். விலங்கியல் முதல் ஆண்டு முழுக்க எங்கள் தலையில் விழுந்தது புழு, அட்டை, கரப்பான், நண்டு, நத்தை. "இதுல ஒண்ணாவது சேவிக்கற மாதிரி இருக்காடி?" என்று அறுக்கிற தட்டைப் பார்த்துக் கேட்பாள்.

அவள் திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பெண். நான் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண், ஹாஸ்டலில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் அந்த வருஷம் விலங்கியலுக்கு வந்த பெண்கள் நாங்கள் இருவர்தான், அதனால் ஒரே மேசை. ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்ஜியத்துக்கும் எல்லை எது என்று பேசித் தீராத காலம் அது. எங்கள் ஊர் அந்தப் பக்கம் போகிறது, இல்லை இந்தப் பக்கமே இருக்கிறது என்று வாரத்துக்கு ஒரு வதந்தி வரும். வகுப்பில் பேச்சு தெலுங்கு, புத்தகம் இங்கிலீஷ், எங்கள் மேசையில் மட்டும் தமிழ். அதிலும் அவள் தமிழ் வேறு, என் தமிழ் வேறு.

நத்தை வந்த அன்று, சங்கும் இதே குடும்பம்தான் என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவள் சட்டென்று தன் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் குலவழக்கப்படி சின்ன வயதிலேயே அவள் தோள்களில் சங்கும் சக்கரமும் பொறித்திருந்தார்கள். "பாரேன், இத்தனை நாள் என் தோள்லயே ஒரு நத்தை இருந்திருக்கு" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு இந்தப் பாடத்தின் மேல் இருந்த வருத்தம் பாதியாகிவிட்டது. கத்தி எடுக்கும் முன் ஒரு ஸ்லோகத்தை முணுமுணுப்பாள், பிறகு கசாப்புக்காரன் தோற்றான். வீட்டில் மட்டும் அவள் அம்மா கொல்லைக் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே விடமாட்டாராம்.

எங்களுக்குள் ஒரு பண்டமாற்று இருந்தது. அவள் வரைந்தால் நரம்பு ஒவ்வொன்றும் கோலத்துக் கம்பி மாதிரி இருக்கும். நான் வரைந்தால் கரப்பானுக்கும் கத்திரிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வெந்நீரில் போட்ட நத்தையை ஓட்டிலிருந்து முழுசாக வெளியே எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் இழுத்தால் பாதி உடம்பு சுருளுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். நான் ஓட்டின் சுற்றோடு சுற்றாக மணிக்கட்டைத் திருப்புவேன், வால் நுனிவரை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவளுக்கும் சேர்த்து நான் எடுப்பேன், எனக்கும் சேர்த்து அவள் வரைவாள்.

"எங்கேடி கத்துண்டே?" என்று ஒருநாள் கேட்டாள். "சீனியர் யாரோ செஞ்சாங்க, பாத்தேன்" என்றேன்.

பொய். எங்கள் வீட்டு அடுப்படியில் கற்றது. முதல் மழைக்கு ஏரிக்கரையில் நத்தை பொறுக்கி வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் விருந்து. ஆடு, கோழி தின்கிறவர்கள் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, அது ஊருக்கே தெரியும். நத்தை வேறு சமாச்சாரம். வந்த புதிதில் ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில், ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி கேட்கிற ஒருத்தியே, "சீ, நத்தையெல்லாம் மனுசங்க துன்னுவாங்களா?" என்று முகத்தைச் சுளித்தாள். மேசை முழுக்கச் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். ஆட்டுக்கறிக்காரிக்கே இப்படி என்றால், தினம் தன் டப்பாவிலிருந்து புளியோதரையில் சரிபாதி எனக்குக் கொடுக்கிறவள் என்ன செய்வாள்? டப்பாவை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். புளியோதரை போனால் போகிறது, அவள் போய்விட்டால் அந்த வகுப்பில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊர்ல சில பேரு இத துன்னுவாங்களாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "முதல் மழைக்கு எடுத்தாதான் ருசியாம்" என்று இன்னொரு நாள். "மூலத்துக்கு நல்லதாம்" என்று வேறொரு நாள். எல்லாவற்றுக்கும் ஒரு 'ஆம்' போட்டுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு நரம்பு வரைந்துகொண்டிருப்பாள்.

செய்முறைத் தேர்வுக்கு முன்னால் துறையில் நத்தை தீர்ந்துபோனது. எங்கள் பக்கத்து ஏரியில் கிடைக்கும் என்று நானே வீரமாகச் சொல்லி ஊருக்குப் போனேன். நைனா ஏரிச் சேற்றில் இறங்கி ஒரு கோணிப்பை நிறையத் தேடிக் கொடுத்தார். அம்மா அந்தப் பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இம்மாம் நத்தையக் கொயம்பு வெக்காம, படிக்கறதுக்கா எடுத்துக்கினு போற?"

"ஆமாம்மா."

"படிச்சி முடிச்சதும் இன்னா பண்ணுவீங்கோ?"

"தூக்கிப் போட்டுடுவோம்."

"அடிப் பாவி" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் கல்வியின் மேல் சந்தேகம் வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். ரயிலில் பை என் காலடியில் ரேணிகுண்டா வரைக்கும் நசநசத்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. பையில் என்ன என்று கேட்டார்கள். பாடம் என்றேன்.

தேர்வில் அவரவர் வேலையை அவரவரே செய்தாக வேண்டும், அதனால் முந்தின வாரம் முழுக்க அவளுக்கு மணிக்கட்டு வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் எல்லாம் அறுந்தது. பிறகு ஒன்று முழுசாக வந்தது, அவள் அதைத் தட்டில் வைத்துக்கொண்டு குதித்தாள்.

தேர்வன்று சீட்டெடுத்தோம். எனக்குக் கரப்பான், அவளுக்கு நத்தை. அடுத்தடுத்த மேசை. அவள் ஸ்லோகம் சொன்னாள், ஓட்டைத் திருப்பினாள், முழுசாக வந்துவிட்டது. என் முதுகில் யாரோ தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பரிசோதகர் அவள் மேசையில் நின்று இங்கிலீஷில் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நரம்பு, செவுள், எல்லாம் சொன்னாள். கடைசியில், இந்தப் பிராணியால் மனிதனுக்கு என்ன பயன் என்றார்.

"உணவு, சார்" என்றாள். "நகரி, புத்தூர் பக்கம் சாப்பிடுகிறார்கள். முதல் மழைக்குப் பிடித்ததுதான் ருசி. மூல நோய்க்கும் நல்லது."

பரிசோதகர் அவள் நெற்றியின் ஸ்ரீசூர்ணத்தைப் பார்த்தார். "நீ சாப்பிட்டிருக்கிறாயா?"

"இல்லை சார். பக்கத்து மேசைக்காரி சாப்பிட்டிருக்கிறாள்."

என் இடுக்கி கீழே விழுந்தது. அவர் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கரப்பானின் நரம்பு எங்கே, என் நரம்பு எங்கே என்று தெரியாமல் எப்படியோ முடித்து எழுந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். எப்போதும்போல மூடியில் பாதியை அள்ளி வைத்து என் பக்கம் நகர்த்தினாள். எனக்குக் கை வரவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றேன்.

"முதல் நாளே. நத்தைக் கூடையைக் கொண்டுவந்து வெச்சா, நாங்க எல்லாரும் மூக்கைப் பொத்திண்டோம். நீ ஒருத்திதான் ஒவ்வொண்ணா மோந்து பாத்து, கட்டை விரலால அமுக்கிப் பாத்து, நன்னா இருக்கறதாப் பொறுக்கினே. எங்க அம்மா சந்தைல கத்திரிக்காய் வாங்கறச்சே அப்படித்தான் செய்வா."

அப்படியென்றால் இத்தனை நாளும் தெரிந்தேதான் சரிபாதி கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கோ அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை, கோபமாக இருந்தாள்.

"அந்த மனுஷன் கடைசில, எப்படிச் சமைப்பான்னு கேட்டார்டி. தெரியலைன்னு முழிச்சேன். ஒரு மார்க் போயிடுத்து. என்கிட்ட நீ சொல்லியிருக்கப்படாதோ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூடியை என் பக்கம் இழுத்து, ஒரு வாய் புளியோதரையைப் போட்டுக்கொண்டு, புளி கரைப்பதிலிருந்து ஆரம்பித்தேன்.