செல்லப்பாண்டி அண்ணன் என்னிடம் கேட்டுக்கொண்டது

செல்லப்பாண்டி அண்ணன் இறந்துவிட்டார். நேற்று காலை மாரடைப்பு... சாயங்காலம் தத்தனேரி சுடுகாட்டில் எரித்துவிட்டோம்.

காளவாசலில் ஓர் ஆஃப்செட் பிரஸ். அவர் டிசைன், நான் மெஷின். பதினோரு வருடம், ஒரே டீக்கடை, ஒரே சண்டை.

கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது பேப்பர் குவாலிட்டி இல்லை. "கல்யாணம் ஐயர வச்சா, தமிழ்லயா?" என்பார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

மந்திரமும் சடங்கும் வடக்கே இருந்து வந்து நம் தலையில் ஏறியவை என்பது அவர் கட்சி. கலந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, இனி எதைப் பிரிப்பது என்பது என் கட்சி.

"பாலும் தண்ணியும் கலந்துருச்சுண்ணே, விடுங்க."

"தண்ணி ஊத்துனவன் யாருன்னு கேக்கக் கூடாதா தம்பி?"

டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பழங்காநத்தத்தில் என் அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கும்வரை, புகை என் கண்ணில் படாமல் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார்.

"ஒனக்கு நம்பிக்கை இருக்குல்ல, அம்புட்டுத்தான்" என்றார்.

கிளம்பும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் நின்றார். "எனக்கு மட்டும் இதெல்லாம் வேணாம் தம்பி. புரியாத வார்த்தையக் கேட்டுக்கிட்டுப் போக மாட்டேன். வீட்ல நான் சொன்னா சண்டதான் வருது. நீ சாமி கும்புடுறவன்... நீ சொன்னா கேப்பாங்க."

சரிண்ணே என்றேன்.

நேற்று அவர் மச்சினர் ஐயரைக் கூட்டிவந்தார். அண்ணன் மகன் சரவணன் தோளில் பூணூல் போட்டார்கள். 'சாவுக்கு ஒருநாள் பூணூல், மறுநாள் கழட்டிப் போடு... இது யாரு பழக்கம்?' என்று அண்ணன் கரித்துக்கொட்டுவாரே, அதே பூணூல்.

சரவணன் என்னைத் தனியாக அழைத்தான். "சித்தப்பா, அப்பா இதப் பத்தி ஒங்ககிட்ட எதுவும் சொன்னாரா? சொல்லியிருந்தா இப்பவே நிப்பாட்டிருவேன்."

அவனுக்குப் பின்னால் மதினி நின்றிருந்தார். காலையிலிருந்து ஒரே கேள்விதான் அவருக்கு. "செய்யாம விட்டா அவரு ஆத்மா அலையுமோ தம்பி?"

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.

மந்திரம் ஆரம்பித்தது. அங்கே நின்ற ஒருவருக்கும் ஒரு வரி புரியவில்லை. எனக்கும்தான். சரவணன் மட்டும் ஐயர் சொன்னதையெல்லாம் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

சரவணா, நீ இதைப் படிப்பாய். அப்பா சொல்லியிருந்தார். நான்தான் மறைத்துவிட்டேன். பதினாறாம் நாளுக்கு ஐயரிடம் சொல்வதற்கு முன்னால் இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

போய்வாருங்கள் அண்ணே. என்னைத் திட்டிக்கொண்டே போங்கள்.