என் கணவர் தேடிய துணைத் தலைவர்

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டு தேர்தல்கள் நடந்தன. ஒன்று தொலைக்காட்சிக்குள். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நின்ற வயதான வேட்பாளர் துணை ஜனாதிபதிப் பதவிக்கு யாரைத் தன்னோடு நிறுத்துவார் என்று, பஃபலோவிலிருந்து வரும் அலைவரிசையில் நாளுக்கு நாலு பேர் வந்திருந்து ஊகம் சொன்னார்கள். மற்றது அதற்கு எதிரே இருந்த சோபா செற்றியில். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் பதவிக்கு என் கணவர் நின்றார். அவர் யாரைத் துணைத் தலைவராகப் போடுவார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு ஆண்கள் வந்திருந்து ஊகம் சொன்னார்கள். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு எழுத உட்காரும்போது கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை. நான் போட்ட தேத்தண்ணீரை நினைத்தாலே வருகிறது.

அதுவரைக்கும் சங்கத்தில் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத்தான் ஆள் நிற்பது வழக்கம். அந்த வருடம் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் சங்க விதிகளை மாற்றிப் புது யாப்பு எழுதினார். தலைவரும் துணைத் தலைவரும் சோடியாக நிற்க வேண்டும், இருவருக்கும் சேர்த்து ஒரே வோட். அமெரிக்காவில் அப்படித்தான் என்றார். நாங்கள் இருப்பது கனடாவில் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. இருநூறு குடும்பங்கள்கூட இல்லாத ஒரு சங்கத்துக்கு வோஷிங்டன் முறை வந்தது. வந்த நாளிலிருந்து எங்கள் ஆண்கள் கதைக்கும் விதமே மாறிவிட்டது.

நாங்கள் அப்போது வெக்ஸ்போர்ட்டில் ஓர் அப்பாட்மென்ட்டின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஊரில் கணிதம் படிப்பித்த என் கணவர் இங்கே பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தார். நாள் முழுக்க ஒருவரும் அவரை 'சேர்' என்று கூப்பிடாத இடம் அது. சங்கத்தில் மட்டும் கூப்பிட்டார்கள். அதனால் அவர் தலைவராக வர ஆசைப்பட்டதை நான் பிழை சொல்லவில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இனி வான் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து ரொறன்ரோவுக்கு முதலில் வந்த நாலைந்து பேரில் அவர் ஒருவர். விடியற்காலையில் தன் வான் வண்டியில் ஒரு பேக்கரிக்குப் பாண் ஏற்றி இறக்குவார். மத்தியானத்துக்குப் பிறகு அவரும் அந்த வானும் எங்களுக்கு. தொண்ணூற்றொன்று ஜனவரியில் நான் மூன்று வயது மகளோடு வந்து இறங்கியபோது என் கணவருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. எயார்போட் வாசலில் நின்றது வான் அண்ணைதான். கையில் இரண்டு குளிர் கோட்டுகள். சின்னக் கோட் மகளுக்கு அளவாக இருந்தது. பிள்ளையின் வயதை ஃபோனில் கேட்டு, பல கடை ஏறித் தேடி வாங்கியது என்று பிறகுதான் அறிந்தேன்.

எனக்கு மட்டுமில்லை. அந்தச் செற்றியில் இருந்த ஆண்களில் பாதிப்பேரை எயார்போட்டிலிருந்து கூட்டி வந்தது அவர். சட்டத்தரணியிடம் கூட்டிப்போய் மொழிபெயர்த்தது அவர். செத்தவீடு என்றால் ஃபியூனரல் ஹோமுக்கு முதலில் போய் நிற்பதும் அவர்தான். சங்கம் எந்த விழா வைத்தாலும் கதிரைகளை வானில் ஏற்றி வந்து, விரித்து, முடிந்தபின் மடித்துக்கொண்டு போவார்.

ஞாயிற்றுக்கிழமைக் கதைகளில் அவருடைய பேர் வரவேயில்லை. பிக்கரிங்கில் புது வீடு வாங்கியிருந்த இன்சூரன்ஸ்காரரைப் பற்றிக் கதைத்தார்கள். றிச்மண்ட் ஹில்லில் இருந்த ஒரு டொக்டரைப் பற்றிக் கதைத்தார்கள். ஊரில் கோயிலடி ஆட்களின் வோட் இருக்கிறது, மேற்குப் பக்கத்து வோட் இல்லை, ஆகவே அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைப் போட்டால் சமநிலை வரும் என்றார்கள். 'சமநிலை' என்ற சொல்லைத் தொலைக்காட்சியிலிருந்து அப்படியே தூக்கியிருந்தார்கள். வான் அண்ணையின் பேரை விட்டதை நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால்தான் சொல்லவில்லை, மற்றப் பேர்களெல்லாம் பொழுதுபோக்குக்கு என்று நினைத்தேன். ஒருநாள் குசினி வாசலில் நின்று, "ஏன், வான் அண்ணை இருக்கிறார்தானே?" என்று கேட்டேன்.  ஒருவர், "அவர் நல்ல மனிசன்" என்றார். இன்னொருவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு மொக்காக இருந்திருக்கிறேன்.

வான் அண்ணையின் மனைவியும் நானும் ஒரே ஹோட்டலின் லோண்டரியில் வேலை செய்தோம். கட்டில் விரிப்பின் இரண்டு முனையை அக்கா பிடிப்பார், இரண்டு முனையை நான் பிடிப்பேன். இழுத்து, உதறி, நடந்து கிட்ட வந்து மடிப்போம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் முகத்துக்கு முகம் பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. அப்படி ஒருதரம் கிட்ட வந்தபோது, "அக்கா, உங்கடை மனிசன்தான் துணைத் தலைவர், இருந்து பாருங்கோ" என்றேன். அப்படிச் சொல்லாதேங்கோ என்று அவர் அவசரமாகத் தடுத்தார். ஆனால் அடுத்த கிழமை, மெஷின் இரைச்சலுக்குள், தானாகவே ஒரு விஷயம் சொன்னார். அண்ணை புது யாப்பை எடுத்து வைத்து வாசிக்கிறாராம். துணைத் தலைவராக வந்தால் என்னென்ன செய்யலாம் என்று இரண்டு தாளில் எழுதியும் வைத்திருக்கிறாராம். புதிதாக வந்த குடும்பங்கள் எவை, எந்தப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், எந்தக் கிழவிக்கு டொக்டரிடம் போக ஆள் வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறதாம். சொல்லும்போது அக்கா குனிந்து விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பெருமையை மறைக்கத்தான் குனிந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட்டில் அமெரிக்க வேட்பாளர் தன் துணையை அறிவித்தார். எங்கள் ஆண்கள் சொன்ன பேர்கள் ஒன்றும் சரிவரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு, தேத்தண்ணீர்க் கோப்பைகள் எல்லோர் கைக்கும் போன பிறகு, என் கணவர் தன் முடிவைச் சொன்னார். பிக்கரிங்காரர், அந்த இன்சூரன்ஸ்காரர். முந்தின இரண்டு வருடத்தில் அந்த மனிதர் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வந்தவர், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தேன். கோப்பைகளைக் கழுவாமல் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்து கேட்டேன்.

"வான் அண்ணையை ஏன் போடேல்லை?"

"உமக்கு உது விளங்காது."

"விளங்கப்படுத்துங்கோ."

அவர் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நான் உதுகள் பாக்கிற ஆள் இல்லையெண்டு உமக்குத் தெரியும். ஆனால் சனம் வோட் போடாது."

"எந்தச் சனம்?"

"சனம்தான். ஏன் தெரியாத மாதிரிக் கேக்கிறீர்?"

"அந்தச் சனம் இப்ப உந்தச் செற்றியிலை இருந்து என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுத்தான் போகுது."

அவர் நிற்பாட்டிய தொலைக்காட்சியைத் திரும்பப் போட்டார்.

சாதி. அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மேற்குப் பக்கம் என்றார்கள், சமநிலை என்றார்கள், நல்ல மனிசன் என்றார்கள். குளிரில் நின்று தங்களைக் கூட்டி வந்த மனிதனைத் தங்கள் பக்கத்தில் மேடையில் இருத்த முடியாத ஆண்கள், அமெரிக்காவில் யார் யாரோடு நிற்பது என்று மாதக்கணக்காக நியாயம் பிளந்தார்கள்.

என் கணவர் சொன்னதில் ஒன்று சரி. நான் தெரியாத மாதிரித்தான் கேட்டேன். வான் அண்ணையின் வீடு ஊரில் எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியும். ஐந்து வருடமாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர். ஒருநாளாவது செற்றியில் இருந்ததில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்று கதைப்பார். இருங்கோ அண்ணை என்றால் இப்பதான் சாப்பிட்டனான், வானை நோ பார்க்கிங்கில் விட்டிட்டு வந்தனான் என்பார். அவருக்கு எப்போதும் அவசரம் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. இரண்டாம் தரம் ஒருநாளும் நான் இருங்கோ என்று சொன்னதில்லை.

திங்கட்கிழமை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனேன். அவருக்கு முதலே தெரிந்திருந்தது. ஞாயிறு பின்னேரம் நான் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த நேரத்தில் என் கணவர் வான் அண்ணைக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். பொதுக்கூட்டத்துக்கு நூற்றைம்பது கதிரை வேண்டும் என்று கேட்கத்தான் எடுத்தது. வைக்கப் போகும்போது, பிக்கரிங்காரரைத் துணைத் தலைவராகப் போட்டிருக்கிறோம், உங்கள் ஆதரவு வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்கா விரிப்பை விடாமல் மடித்தார். நான் ஏதோ மன்னிப்புப் போலச் சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"உங்களிலை எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இனிமேல் எங்களுக்கு உப்பிடி ஒண்டும் சொல்லாதேங்கோ. எங்கடை வீட்டிலை நாங்கள் உதுகளை யோசிக்கிறதே இல்லை. நீங்கள் சொன்னபடியால்தான் அவர் நம்பினவர். அந்தத் தாள் ரெண்டையும் நேற்றுக் கிழிச்சுப்போட்டார்."

கோபம் இல்லை என்று அவர் சொன்னது பொய். இருந்திருக்க வேண்டும். இருந்ததை நான் அந்த விரிப்பின் இழுவையில் உணர்ந்தேன்.

பொதுக்கூட்டத்தில் எழுந்து வான் அண்ணையின் பேரை முன்மொழிவது என்று தீர்மானித்தேன். யாப்பில் இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லோர் முன்னாலும் ஒருதரம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. கூட்டத்துக்கு முதல்நாள் அவருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவர் நான் சொல்லி முடியும்வரை கேட்டார்.

"வேண்டாம் தங்கச்சி. நீங்கள் எழும்பிச் சொல்லுவீங்கள், மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பாக்கும். அவையள் ஏன் போடேல்லையெண்டு தெரியாத பிள்ளையளுக்கும் அண்டைக்குத் தெரிய வரும். என்ரை மகளும் அங்கை வாறாள்."

 என் கோபத்தை நான் காட்டுவதற்கு அவர் விலை கொடுக்க வேண்டுமா என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. அந்த ஃபோனை வைத்த பிறகு என்மேலேயே வந்த ஆத்திரத்தில் குசினியில் நின்று அழுதேன்.

கூட்டம் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வான் அண்ணை நூற்றைம்பது கதிரைகளையும் கொண்டுவந்து வரிசையாக விரித்தார். வாக்கெடுப்பு தொடங்க முன்னம் மகளையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் சோடிக்கு எதிராக இன்னொரு சோடியும் நின்றது, அதிலும் அதே மாதிரி ஆட்கள்தான். எனக்குத் தந்த வாக்குச் சீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தன. நான் இரண்டையும் விட்டுவிட்டு, கீழே வெறுமையாக இருந்த இடத்தில் வான் அண்ணையின் முழுப் பேரையும் எழுதினேன். அந்தப் பேரை எழுதும்போதுதான் கவனித்தேன், அத்தனை வருடத்தில் நான் அதை ஒருதரமும் வாயால் சொன்னதில்லை.

என் கணவர் நன்றாகவே வென்றார். கணக்காளர் முடிவை வாசித்தார். கடைசியில், செல்லாத வாக்குகள் நான்கு என்றார்.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் என் கணவர் கேட்டார், "அந்த நாலிலை ஒண்டு உம்மடையோ?"

"ஓம்."

"மற்ற மூண்டும் ஆருடையது?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

உண்மையிலேயே தெரியாது. அந்த மூன்று பேர் யாரென்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் முகம் முகமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களும் பேர்தான் எழுதினார்களா, அல்லது வெறும் கவனக்குறைவா என்றுகூடத் தெரியாது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சங்கத்துக்குத் தேத்தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டேன். என் கணவர் முதலில் சிரித்தார், பிறகு கோபித்தார், பிறகு கூட்டங்கள் பிக்கரிங்குக்கு மாறின. நவம்பரில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு கைக்குழந்தைகளோடு வந்து இறங்குவதாகச் செய்தி வந்தது. என் கணவர் பழக்கத்தில் வான் அண்ணைக்கு ஃபோன் எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுபக்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஆனால் என் கணவரின் முகம் கறுத்தது. ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னார்: "துணைத் தலைவரைக் கேளுங்கோ எண்டுறார்." துணைத் தலைவரைக் கேட்டார்கள். தனக்கு வாடிக்கையாளர் சந்திப்பு இருக்கிறது என்றார். கடைசியில் தலைவர் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு டாக்ஸி பிடித்துப் போனார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தக் குழந்தைகளை நினைத்துத் திருப்திப்பட்டிருக்கக் கூடாது, ஆனாலும் பட்டேன்.

என் கணவர் கெட்ட மனிதர் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்த நேரத்து நிலைமை அப்பிடி என்பார். நான் அவரோடுதான் வாழ்கிறேன், நல்லாகத்தான் வாழ்கிறோம். ஆனால் 'எனக்குப் பிரச்சினை இல்லை, சனம்தான்' என்று அவர் எந்த விஷயத்துக்குச் சொன்னாலும் நான் அந்த அறையை விட்டு எழும்பிப் போய்விடுவேன்.

அக்காவும் நானும் அடுத்த வசந்தம் வரைக்கும் ஒரே மேசையில் விரிப்பு மடித்தோம். குளிர், விலைவாசி, பிள்ளைகளின் பரீட்சை என்று கதைத்தோம். சங்கத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேறு நகரத்தில் வீடு எடுத்துவிட்டோம், இன்றோடு வேலையை விட்டு நிற்கிறேன் என்றார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்து, "போயிட்டு வாறன்" என்றார். புது ஃபோன் நம்பரை அவர் தரவில்லை. கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.