மணிக்கூடு கட்டிய கை

பிரசவ அறையில் கூட நிற்பதற்கு என் மனைவி தன் தாயைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். ஒருவர் நிற்கலாம் என்று ஆஸ்பத்திரியில் இப்போது விடுகிறார்கள். அவளுடைய தாய்க்கு அது பிடிக்கவில்லை. ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை என்று முணுமுணுத்தார். ஆனால் முதல் முறை வயிற்றில் வந்தது பாதியிலேயே கலைந்துபோன பிறகு, இவள் பயந்தவளாகவே இருந்தாள். பிள்ளையின் அசைவு கொஞ்சம் குறைந்தாலும் முகம் வெளிறிவிடும். "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாக் காணும்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. பெரிய வீரனைப் போலத் தலையாட்டினேன்.

அன்புவழிபுரத்தில் இருக்கும் என் அம்மா கேட்டது வேறு. பிறந்த நேரத்தைப் பிசகாமல் எடுத்துவர வேண்டும். அது அவருக்கு விளையாட்டில்லை. நான் பிறந்த நேரத்தை யாரோ குத்துமதிப்பாகச் சொல்லிவைக்க, இரண்டு சாத்திரிமார் எனக்கு இரண்டு விதமாகக் குறிப்பு எழுதினார்கள். ஒன்றில் செவ்வாய் தோஷம் இருந்தது, மற்றதில் இல்லை. வந்த சம்பந்தம் எல்லாம் அதிலேயே அடிபட்டுப்போய், தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கலியாணம் நடந்தது. பேரப்பிள்ளைக்கும் அந்தக் கதி வரக்கூடாதென்று அம்மா கிடந்து தவித்தார். ஆஸ்பத்திரிச் சுவர் மணிக்கூட்டை நம்பாதே, உன்னுடையதைப் பார் என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நேரம் பார்ப்பதில் எனக்கும் ஒரு தடிப்பு உண்டு. துறைமுகத்தில் என் வேலையே அதுதான். கப்பல் வந்து கட்டிய நேரம் எது, முதல் கயிறு போட்டதா, கடைசிக் கயிறு இறுகியதா என்று கப்பல்காரரும் சரக்குக்காரரும் பிடுங்குப்படும்போது நான் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தத் திமிரோடுதான் அன்று முற்பகல் உள்ளே போனேன்.

அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கூடு கட்டிய கை அது. நோவு வரும்போதெல்லாம் மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கினாள். மணிக்கூட்டின் முகம் அவள் கைக்குள் அமுங்கிக் கிடந்தது. நான் தலையைச் சரித்துச் சரித்து எட்டிப் பார்ப்பதைக் கிண்ணியாக்கார மிஸ்ஸி கண்டுவிட்டார். நர்ஸ்மாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். என்ன தம்பி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பகிடி விட்டார். அந்த நோவுக்குள்ளும் என் மனைவி சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் தலை தெரிகிறது, விடாமல் முக்கு என்று மிஸ்ஸி சொன்னார். நான் என்ன செய்தேன்? கையை உருவினேன். லேசில் வரவில்லை, மற்றக் கையால் அவள் விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தேன். இதை எழுதும்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவளுடைய வெறுங்கை என்னைத் தேடித் தடவிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்தது. அதை நான் கண்டேன். கண்டும் மணிக்கூட்டைத்தான் பார்த்தேன்.

பிள்ளை வந்தது. தலை வந்த நேரத்தை மனதில் பதித்துக்கொண்டேன். மிஸ்ஸி பிள்ளையைப் பக்கத்து மேசைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டொக்டர் வந்தார். துணியால் தேய்த்தார்கள், குழாயை வைத்து உறிஞ்சினார்கள். எனக்கோ துறைமுகப் புத்தி. தலை வந்த நேரம் கையில் இருக்கிறது, சாத்திரி அழுத நேரத்தைக் கேட்டால் என்ன சொல்வது?

"மிஸ்ஸி, எதை நேரமா எடுக்கிறது? தலை வந்ததையோ, அழுறதையோ?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல அழட்டும் தம்பி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக் களைத்துக் கிடந்தவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. "என்ன, அழேல்லயோ? என்ர பிள்ளை அழேல்லயோ?" என்று எழும்பப் பார்த்தாள்.

தன் பிள்ளை மூச்செடுக்கப் பாடுபடுகிறது என்பதை அவள் என் மணிக்கூட்டுக் கதையிலிருந்து அறிந்துகொண்டாள். சீ, நானும் ஒரு மனுசனா என்று ஆகிவிட்டது. அப்போதும் அவளிடம் போகாமல் அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது நடந்து மாதங்களாகி, இன்றைக்குப் பிள்ளை குப்புறப் புரளத் தொடங்கிவிட்டாள். இதுவரை என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. குத்திக் காட்டினாலாவது பதிலுக்கு மன்னிப்புக் கேட்கலாம்.

பிறகு பிள்ளை அழுதது. முதலில் பூனைக்குட்டி மாதிரி, பிறகு அறை முழுக்கக் கேட்க. மகள். நான் விம்மி விம்மி அழுதேன். மிஸ்ஸி என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மகள் எத்தனை மணிக்கு அழுதாள் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளையைத் துணியில் சுற்றித் தாயின் நெஞ்சில் வைத்தார்கள். நான் கிட்டப் போய்க் கையை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் பிள்ளையை அணைத்திருந்தாள். கோபம் இல்லாமல்தான் என்னைப் பார்த்தாள்.

"நேரம் எடுத்தாச்சுதானே. போய்ச் சொல்லுங்கோ, உங்கட அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நேரத்தைச் சொல்ல அவர் இடம் தரவில்லை. பிள்ளை சுகமோ, தாய் சுகமோ என்று அடுக்கிக்கொண்டே போனார். பெண்பிள்ளை என்றதும் அழுதார். அந்தச் சந்தோசத்தில் பிறந்த நேரம் அவருக்கு மறந்தே போயிற்று.

"உன்னைப் பெறேக்க அப்பா வெளிவாசலில நிண்டவர். நான் தனியக் கிடந்து கத்தினனான். நீ எண்டாலும் அவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டியே ராசா, அது காணும்."

பக்கத்தில் என் மனைவியின் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அம்மா" என்றேன்.