வேலையைத் தூக்கி எறிந்த கதை

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிற ஜாதி நான். எனக்கு மீசையே கிடையாது என்பது வேறு விஷயம்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் வெட்டும் மிஷின் ஓட்டினேன். ஆர்டர் குறைந்ததும் மேனேஜர் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஒரு துண்டுத் தாள்கூடத் தரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, அவர் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வேறு வந்தேன். அப்பேர்ப்பட்ட வீரன்.

வெளியே வந்த பிறகுதான் வாய் திறந்தது. எதிரே சலூன். நாற்காலியில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மேனேஜர் மூஞ்சியில் வீசிவிட்டு வந்ததாக எடுத்துவிட்டேன். சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடமும் அதையே அளந்தேன். அங்கே கையுறையோடு செருப்பும் சேர்ந்துகொண்டது.

பிறகு யூனியன்காரர் ஒருவர் விளக்கினார். அவர்களாக நிறுத்தினால், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கணக்குப் பார்த்து நஷ்டஈடு தந்தாக வேண்டும், அது சட்டம். நாமாக விட்டால் அது கிடையாது. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு அந்தப் பணத்தை விட்டால் வேறு வழியில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டேன்.

விசாரணையில் கம்பெனி, நானேதான் வேலையை விட்டேன் என்றது. அவர்கள் சாட்சி சலூன்காரர். பாவம், எனக்கு நல்லது செய்வதாக நினைத்தே வந்திருந்தார்.

"இவரை மாதிரி ரோஷக்காரரை நான் பார்த்ததே இல்ல சார். வேலையைத் தூக்கி எறிஞ்சிட்டு வந்தாரு" என்றார் பெருமையாக. நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார்.

எது உண்மை என்று அதிகாரி என்னைக் கேட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை என்று ஒரு காரணம் இருக்கும். சும்மா சொன்னது சார் என்று முனகினேன். கம்பெனி வக்கீல் சிரித்தார்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து என் மனைவி எழுந்தாள். ஒழிந்தேன் என்று நினைத்தேன். இவளிடம் செருப்பு வரை சொல்லியிருக்கிறேனே.

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு சார். மறுநாள் காலையில வேற வேலை தேடப் போறேன்னு கிளம்பினாரு. முகம் சரியில்லைன்னு நானும் பின்னாடியே போனேன். நேரா கம்பெனி கேட்டுக்குத்தான் போய் நின்னாரு. உள்ள விடக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்காருன்னு வாட்ச்மேன் திருப்பி அனுப்பிட்டாரு. அங்கயே சுவத்தோரமா நின்னு அழுதாரு. தானா வேலையை விட்டவரு எதுக்கு சார் திரும்பிப் போய் நிக்கணும்?"

எனக்குத் தலை நிமிரவில்லை. வாட்ச்மேனை வரவழைத்துக் கேட்டார்கள். அவரும் ஆமாம் என்றார். பதினான்கு வருஷத்துக்கும் நஷ்டஈடு தரச் சொல்லி உத்தரவானது.

திரும்பும்போது பஸ்ஸில், எல்லாம் தெரிந்தும் இத்தனை மாதம் என் பீற்றலை ஏன் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றேன். அவள் டிக்கெட்டை மடித்தபடி சொன்னாள்:

"வேலைதான் போயிடுச்சு. அந்தக் கதையாவது உங்களுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."