அளவு ஜாக்கெட்

பாளையம்பட்டியில் ரேணுகாதேவியிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள் டேப்புக்கு உடம்பைக் காட்டி நிற்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பெயர் அளவு ஜாக்கெட். ஆள் எதிரில் இல்லாமலே தோளும் கையும் மார்பும் அதில் கிடைத்துவிடும். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், மழை பொய்த்த ஒரு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வீட்டில் உலை கொதிப்பது மிளகாய்க் காட்டை நம்பியா, மெஷினை நம்பியா என்பது கணவர் பாண்டீஸ்வரனுக்கும் தெரியும். வெளியே சொல்லமாட்டார்.

மருமகளுக்கு ஸ்வெட்டர் பின்னுவது என்று முடிவெடுத்ததும் அவள் செய்த முதல் வேலை, குன்னூருக்கு போன் போட்டு, "ஒரு அளவு ஜாக்கெட் அனுப்பி வையி தாயி" என்று கேட்டதுதான்.

மருமகள் என்ற சொல்லை அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் சொன்னாள். மகன் அருண்பாண்டியன் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவன், அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் சுகப்பிரியாவை ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். பெண் படித்தவள், சொந்தக் காலில் நிற்கிறவள், அவனை விரும்புகிறவள். எல்லாம் சரி, சாதி வேறு. தேயிலை பறித்து அவளை வளர்த்தவர்களை ஊர் காலங்காலமாகக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறது. "அவனுக்கு இந்த வாசல அடைச்சாச்சு" என்று பாண்டீஸ்வரன் சொல்லி வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

ரேணுகாதேவியை உறுத்தியது முகூர்த்தச் சேலை. அதை மாப்பிள்ளை வீடுதான் எடுக்க வேண்டும். நாலு பேர் பார்க்க மாமியார் கையால் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அவள் இந்த வீட்டுப் பெண். பிறகு எவனும் இல்லையென்று சொல்ல முடியாது. யாருக்கும் தெரியாமல் ஒரு சேலையைக் கூரியரில் அனுப்பியிருக்கலாம். ஒளித்துக் கொடுத்தால் அது சேலை ஆகாது, பிச்சை ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. குளிர் ஊரில் தினமும் உடம்பில் கிடக்கிற ஒன்றை, தன் கையால் செய்து, தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். கொக்கிக்குப் பதில் பொத்தான் வைத்த, முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டர். போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். மதுரையிலிருந்து சந்தன நிறத்திலும் அரக்கு நிறத்திலும் நூல் வந்தது. அருப்புக்கோட்டைத் தறிச் சேலையில் ஓடுகிற கோபுரக் கரையை, முக்கோணம் முக்கோணமாக, கீழ் விளிம்பிலும் கைகளிலும் பின்ன வேண்டும் என்பது அவள் திட்டம்.

பார்சல் வந்த நேரம் அவள் டவுனுக்குப் போயிருந்தாள். பிரித்தவர் பாண்டீஸ்வரன்.

"யாரு ஜாக்கெட்டு இது?" என்றார், அவள் உள்ளே நுழைந்ததும்.

"அளவுக்கு வந்தது."

"யாரு அளவுக்குன்னு கேக்கேன்."

"சுகப்பிரியா அளவுக்கு. உங்க மருமக."

ரவிக்கையை விரல் நுனியில் தூக்கி வாசலில் எறிந்தார். "கண்டவ துணியெல்லாம் இங்க வரக் கூடாது."

அவர் போட்டிருந்த சட்டைக்குப் பருத்தி எடுத்த கை எந்தக் கை, நெய்த கை எந்தக் கை என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. அவர் காட்டு மிளகாயைப் பறிக்கிறவர்கள் யார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அந்த மிளகாய் குழம்பில் கொதிக்கும்போது ஒட்டாத தீட்டு, துவைத்து மடித்த ஒரு ரவிக்கையில் வந்து ஒட்டிக்கொள்கிறது! எங்கே ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டக் கூடாது என்று முதலாளிகளுக்குத் தோதாகத் தெரிந்துவைத்திருக்கும் தீட்டு.

ரேணுகாதேவி ரவிக்கையை எடுத்துத் தூசி தட்டினாள். அதுவரை கதவுக்குப் பின்னால் பின்னிப் பழகிக்கொண்டிருந்தவள், மறுநாள் முதல் தெருவைப் பார்க்க உட்கார்ந்து பின்னினாள். அருப்புக்கோட்டைக்குப் போகிற டவுன் பஸ்ஸிலும் பின்னினாள். சீட்டுக் கம்பி சுடுகிற வெயிலில் மடி நிறையக் கம்பளி நூலைப் பார்த்த கண்டக்டர், "என்னக்கா, ஊட்டிக்கு டிக்கெட் கிழிக்கவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

"கிழிங்க தம்பி. என் மருமக குன்னூருலதான் இருக்கா" என்றாள் அவள், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். சிரிப்பு சட்டென்று நின்றது. எந்த மருமகள் என்று அந்த பஸ்ஸில் பாதிப்பேருக்குத் தெரியும்.

பேச்சு பந்தல்குடி வரை போய், பாண்டீஸ்வரனின் தங்கை பெத்தம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் மதினி, ஊரு சிரிக்கிற மாதிரி ரோட்டுல உக்காந்து பின்னணுமா? எங்க அண்ணன் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியல."

"டீக்கடைக்குப் போகாட்டி நல்லதுதான, பித்தம் குறையும்."

"எளக்காரமா? நம்ம வீட்டுப் பொம்பள யாராச்சும் இப்பிடிச் செஞ்சிருக்காளா?"

"செய்யலதான். அதான் நான் செய்யிறேன். இந்தக் கண்ட இழுத்துப் பிடி பெத்தம்மா, சிக்கிக்கிருச்சு."

பெத்தம்மாள் திட்டிக்கொண்டே நூல்கண்டைப் பிடித்தாள்.

ஸ்வெட்டர் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை வாசலில் பாண்டீஸ்வரன் மறித்தார்.

"போனா அப்பிடியே போயிரு. திரும்பி வராத."

"வருவேன். இது என் வீடுந்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மதுரை தாண்டும் வரை பையை மடியை விட்டு இறக்கவில்லை.

குன்னூரில் சுகப்பிரியாவின் அம்மா தங்கச்செல்வி சோறு வடித்துவிட்டு, பரிமாறாமல் கரண்டியோடு தயங்கி நின்றாள். "எங்க வீட்டுல சாப்பிடுவீங்களா?"

"பசி உசிரு போகுது, கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கீக" என்று ரேணுகாதேவி தட்டை இழுத்துக்கொண்டாள்.

சாப்பிட்ட பிறகு அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிடச் சொன்னாள். எல்லோரும் பார்க்க, ஸ்வெட்டரை மருமகள் கையில் கொடுத்தாள். "முகூர்த்தச் சேலை கொடுக்க வேண்டியவ நான். பிந்திப்போச்சு. போட்டுக்க தாயி."

சுகப்பிரியா அதைச் சுடிதாருக்கு மேல் மாட்டினாள். முழங்கையில் கை சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், முன்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்ததோடு சரி, பொத்தான் போட வழியில்லை.

"அத்தை... ஜாக்கெட் மாதிரியே பிடிக்குது."

"அளவு ஜாக்கெட்ட வச்சுத்தான செஞ்சேன்!"

"உள்ள பனியன், சுடிதார் எல்லாம் போட்டு, அதுக்கு மேலதான் ஸ்வெட்டர் போடுவோம்."

"அதுக்கு மேலயா? எங்க ஊருல போட்டிருக்கிற ஒண்ணையே எப்படா கழட்டுவோம்னு கெடப்போம் தாயி!"

வீடே சிரித்தது. அருண்பாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ரேணுகாதேவிக்கு முகம் சுண்டிவிட்டது. அவ்வளவு பேர் பார்க்கக் கொடுத்தது, போட முடியாததாகவா இருக்க வேண்டும்? சுகப்பிரியா அதைக் கழற்றவில்லை. பொத்தான் போடாமலே, கையை அரைகுறையாக நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பிரிச்சிடாதீங்க அத்தை. அந்தக் கரை போயிடும்."

"கரைய எதுக்குப் பிரிக்கணும்?" தங்கச்செல்வி துணியைப் புரட்டிப் பார்த்தாள். அவளும் பின்னத் தெரிந்தவள். "இடுப்போரத்துலயும் கைக்கு அடியிலயும் தையலைப் பிரிச்சு, பட்டை கொடுத்துட்டா அகலமாயிடும்."

அரக்கு நூல் தீர்ந்திருந்தது. தங்கச்செல்வியிடம் கரும்பச்சை இருந்தது. ஆளுக்கொரு பக்கமாக இருவரும் உட்கார்ந்தார்கள். ரேணுகாதேவி இறுக்கிப் பின்னுகிறவள், தங்கச்செல்வி தளர்த்திப் பின்னுகிறவள். ஒரு பட்டை கொஞ்சம் நீண்டுபோனது. அதற்கும் ஒரு சண்டை, ஒரு சிரிப்பு.

மறுநாள் மத்தியானம் ரேணுகாதேவி கணவருக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து, நிற்கப்போகிற நேரத்தில் எடுத்தார்.

"வேலை முடியல. வர நாளாகும்" என்றாள்.

காட்டில் நிற்கிறார் போல, காற்று இரைந்தது. திரும்பி வராதே என்பதை அவர் மறுபடி சொன்னால் என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருந்தாள். சொல்லவில்லை.

"குளுருதா அங்க?"

"குளுருது."

அவர் குளிரை விசாரித்ததை மனமாற்றம் என்று யாரும் கொண்டாட வேண்டாம். நூற்றாண்டுகளாகத் தலையில் ஏற்றிய குப்பை ஒரு போன் பேச்சில் இறங்கிவிடாது. ஆனால் மனுஷன் போனை வைக்கவில்லை.

"வாரப்ப நீ மட்டுமா வார?" என்றார் கடைசியில்.

ரேணுகாதேவி ஊசியைக் கீழே வைத்தாள். "இல்ல. மூணு பேரா வாரோம்" என்றாள்.