பாதரை அழைக்க நான் பிந்தியது

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, என் மனைவி றெஜினா சாவதற்கு முன் பாதரை அழைக்கும்படி என்னிடம் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் தடுத்தவன் நான்தான். அதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

மாம்புரியில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தேன். கடவுளை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைத்தேன். தலவிலக் கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போவேன். பூசை நடக்கும்போது மரத்தடியில் நண்பர்களோடு கதைத்துக்கொண்டிருப்பேன். பாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று முப்பத்தொரு வருடமாகியிருந்தது.

போர் முடிந்த ஐந்தாம் வருடம், ஜூன் மாதம். றெஜினாவின் சிறுநீரகம் பழுதென்று புத்தளம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கால்கள் வீங்கிவிட்டன. ஒரு காலை கட்டிலில் இருந்தபடி சொன்னாள்: "பாதரை ஒருக்கா வரச் சொல்லுங்கோ. எண்ணெய் பூசுவிக்க வேணும்."

"பாதர் எண்ணெயோட படலையால வந்தா, செத்தவீடெண்டு சனம் பின்னேரமே வெள்ளைக்கொடி கட்டிப்போடும்" என்றேன்.

"கட்டட்டும். நானும் இருந்து பாத்திட்டுப் போறன்."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு விஷயத்தை முடித்துவிட்டேன். நம்மில் பலர் இப்படித்தான். பாதர் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்கிறோம். உண்மையில் பயப்படுவது நாம். பாதர் வந்தால் என் பக்கமும் திரும்பிப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

ஜூலையில் திரும்பவும் கேட்டாள். பாதர் திருவிழா வேலையில் இருக்கிறார், முடியட்டும் என்றேன். "பிந்தி வாற பிள்ளையளுக்கு நீங்க பிரம்பு காட்டினனீங்கள். உங்களுக்கு ஆர் காட்டுறது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மனசில ஒரு பாரம் கிடக்கு. பாதரிட்டத்தான் இறக்கலாம்" என்றாள். என்ன பாரம் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓகஸ்ட் திருவிழா ஞாயிறு. நான் தலவிலக்குப் புறப்படும்போது, பாதரைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டாள். ஓம் என்றேன். பாதரைக் கண்டேன். கோயில் வாசலில், இருபது அடி தூரத்தில் நின்றார். என் பழைய ஆசிரிய நண்பர்கள் தேநீருக்கு அழைத்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று அவர்களோடு போய்விட்டேன்.

பகல் பதினொரு மணிக்கு வீடு வந்தபோது, பக்கத்து வீட்டு சுபைதா ராத்தா என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். றெஜினாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பேச்சில்லை.

"உங்கட பாதரக் கூப்பிடச் சொல்லி முந்தி என்னையும் கேட்டா, மாஸ்டர். வீட்டு ஆம்பள இருக்கக்குள்ள நான் எப்பிடிக் கூப்பிடுற?" என்றார் ராத்தா. குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர், மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது, பகல் இரண்டு மணிவரை தாங்குவதே கஷ்டம் என்றார். தொலைபேசியில் பாதரைப் பிடித்தேன். உடனே புறப்பட்டுவிட்டார். ஆனால் யாத்திரிகர்களின் பஸ்கள் வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு செபித்தேன். ஆண்டவரே, அவளைப் பிழைக்க வைக்கும்படி கேட்க எனக்கு முகமில்லை. பாதர் வரும்வரை மூச்சை மட்டும் விட்டுவையும்.

இரண்டு மணி போனது. மூன்று, நான்கு. ஒவ்வொரு மூச்சும் இதுதான் கடைசி என்பதுபோல வந்தது. ஐந்தே காலுக்குப் பாதர் வியர்வையில் நனைந்து உள்ளே வந்தார். அவளுடைய நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, பாவமன்னிப்பு மன்றாட்டைச் சொன்னார். அவள் கண் திறக்கவில்லை. விரல்கூட அசையவில்லை. அதை உங்களுக்கு அழகாக்கிச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

"அவ எப்ப கேட்டவ?" என்றார் பாதர்.

"ஜூன் மாசம்."

அவர் என்னை ஏசவில்லை. "அவ சொல்ல நினைச்சது ஆண்டவருக்குத் தெரியும், மாஸ்டர். நீங்க பாவசங்கீர்த்தனம் செய்து எத்தினை வருசம்?"

சொன்னேன்.

"அப்ப வாங்கோ, இதில இருங்கோ." விறாந்தையில் இருந்த நீள மர வாங்கைக் காட்டினார்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்து, நாங்கள் எழும்பி உள்ளே போனபோதும் அவளுக்கு மூச்சிருந்தது. ஆறரைக்கு நின்றது.

இப்போது பாதர் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது நானும் கூடப் போகிறேன். "மாஸ்டர் படலையைத் திறந்தா கொஞ்சம் பயம்தான்" என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். எண்ணெய் பூசுதல் சாவின் சடங்கு இல்லை என்று வீடு வீடாகச் சொல்கிறேன். பூசி, எழும்பி, திரும்பக் கடலுக்குப் போனவர்களும் எங்கள் பங்கில் இருக்கிறார்கள்.

நான் கேட்டதை ஆண்டவர் தந்தார். பாதர் வரும்வரை, டொக்டர் சொன்னதற்கு மேல் மூன்று மணித்தியாலம் அவள் மூச்சைக் காத்துத் தந்தார். தகுதியில்லாத வாயின் செபத்தையும் கேட்கிறவர் அவர், அவரை நம்புங்கள். ஆனால் றெஜினா கேட்டது அவளுக்குக் கிடைக்கவில்லை. பேச வாயிருந்த இரண்டு மாதமும் அவள் பாரத்தைக் கேட்க ஒருவரை நான் வரவிடவில்லை. ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்று விசுவசிக்கிறேன். அவளிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது பாதரைக் கேட்கிறார்களா? இந்தக் கூட்டம் முடியும்வரைகூட இருக்கவேண்டாம். எழும்பிப் போங்கள். நான் குறை நினைக்கமாட்டேன்.