மண்டி மேஜையில் ஒரு பித்தளை டப்பா

தேனிக் காய்கறி மண்டியில், முதலாளியின் மேஜைமேல் ஒரு பித்தளைப் புகையிலை டப்பா இருக்கிறது. அதை அங்கே வைத்தவள் நான். ஒரு காலத்தில் அவரே என் அண்ணனுக்குக் கொடுத்தது அது. அண்ணன் அந்த மண்டியில் ஏலம் கூவினான். ஏலம் கூவுகிறவனுக்குத் தொண்டை கரகரத்தால்தான் மரியாதை. குரல் தெளிவாக இருந்தால் புது ஆள் என்பார்கள். அதனால் அவனுக்குக் குரல் கம்மியபோது யாரும் கவலைப்படவில்லை. "இத அதக்கிக்கப்பா, தொண்ட தெறந்துக்கிரும்" என்று முதலாளி டப்பாவை நீட்டினார்.

மூன்று மாதம் அந்தக் குரலோடு தக்காளிப் பெட்டிகளின் நடுவே நின்றான். எச்சில் விழுங்கினால் ஒரு பக்கக் காது வலிக்கிறது என்றான். சோற்றைத் தண்ணீர் குடித்துத்தான் இறக்கினான். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலிக்காததால் அதையும் விட்டுவிட்டோம். பாவிகள், நாங்களும்தான். லீவு கேட்டபோது முதலாளி சிரித்தார்: "வீரபாண்டித் திருவிழா முடியட்டும்ப்பா. தொண்டக்கட்டுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" திருவிழா முடிந்து மதுரைக்குப் போனோம். குரல்வளையில் புற்றுநோய். "மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியிருந்தாலே வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு அண்ணன் ஒரு வருடம் இருந்தான். கடைசியில் என்னைக் கூப்பிட வாயை அசைத்தான். சத்தம் வரவில்லை.

அந்த முதலாளி நாசமாய்ப் போகட்டும் என்று கௌமாரியம்மனிடம் கேட்காத நாளில்லை. சென்ற வருடம் கத்தரிக்காய் போடப் போனபோது, "வா தாயி" என்றவரின் குரல் கம்மியிருந்தது. "ஒரு மாசமா இப்படித்தான். சந்தைத் தூசி" என்று காதைத் தேய்த்தார். எனக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து நான்கு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் டப்பாவை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். அதக்கிக்கங்க என்று சொல்லத்தான் போனேன். அடையாளம் தெரிந்து அவர் தலை குனிந்தார்.

"எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. இன்னைக்கே மதுரைக்குப் போங்க" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடாதீக. எரக்கப்பட்டுச் சொல்லல. இனிமே இங்கன எவனுக்குத் தொண்ட கம்முனாலும், எங்கண்ணன ஆஸ்பத்திரிக்குப் போகவிடாம நிறுத்துனது நீங்கதான்னு அவங்கிட்ட நீங்களே சொல்லணும். அதுக்குக் குரல் வேணும்ல?"

நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டது. அவருடைய குரல் தப்பித்தது. இப்போது ஏலம் கூவ வருகிற ஒவ்வொருவனிடமும் டப்பாவைக் காட்டி அந்தக் கதையைச் சொல்கிறார். வாரம் ஒருமுறை நான் மண்டிக்குப் போய், அவர் சொல்லி முடிக்கும்வரை எதிரே நின்று கேட்டுவிட்டு வருகிறேன்.